சுவரைப் பிடித்து நிறுத்தும் ஜிப்சம் போர்டு

மரச்சட்டத்தில் எழுப்பிய வீட்டுச் சுவர் மேலிருந்து வரும் பாரத்துக்குப் பயப்படுவதில்லை. கூரையும் மாடியும் நேர்கீழாக அழுத்துகின்றன. செங்குத்துக் கட்டைகள் அந்தப் பாரத்தை வாங்கி அடித்தளத்தில் இறக்கிவிடுகின்றன. தொல்லை பக்கவாட்டில் வரும் விசையில்தான். புயற்காற்று ஒரு பக்கச் சுவரை நெட்டித் தள்ளும்போதும், நிலநடுக்கத்தில் தரை வீட்டின் அடிப்பகுதியை மட்டும் இழுத்துக்கொண்டு நகரும்போதும், செவ்வகமாக இருந்த சட்டகம் சாய்ந்த இணைகரமாக மாறப் பார்க்கிறது. மூலைகளில் அடித்திருக்கும் இரண்டொரு ஆணிகள் இதைத் தடுக்காது. ஆணி கீல்போலத் திரும்பிக் கொடுத்துவிடும். நான்கு மூங்கில் நட்டு மேலே குறுக்குக் கழி கட்டிய பந்தல் ஒரு தள்ளுக்கே ஆடும். கோணலாக இன்னொரு மூங்கிலைச் சேர்த்துக் கட்டியதும் ஆட்டம் நின்றுவிடும். மரச்சுவருக்கும் அப்படி ஏதாவது ஒன்று வேண்டும்.

அது இரண்டு விதமாக அமையலாம். ஒன்று, கட்டைகளில் பள்ளம் வெட்டிக் கோணலாகப் பதிக்கும் பலகை. அமெரிக்காவில் ஒன்றுக்கு நாலு அங்குலப் பலகையை 45 பாகைச் சாய்வில் இப்படிப் பதிப்பது பழைய வழக்கம். மற்றொன்று, சட்டகத்தின் முகத்தில் அகலமான தகடு ஒன்றை அறைந்துவிடுவது. தகடு தன் தளத்துக்குள் உருக்குலையாது. ஆகவே அதோடு பிணைந்த சட்டகமும் குலைய முடியாது. பிளைவுட் இதற்குப் பேர்போனது. ஆனால் அறையின் உட்புறத்தில் பூச்சுக்குப் பதிலாக எப்படியும் அடிக்கப்போகிற ஜிப்சம் போர்டும் ஒரு தகடுதானே? அதையே பிரேசிங்காக, அதாவது பக்கவாட்டுப் பிடிமானமாக, கணக்கில் எடுத்துக்கொண்டால் தனிச்செலவு மிச்சம். இந்த எண்ணத்தை நியூசிலாந்து அளவுக்கு முழுமையாகச் செயல்படுத்திய நாடு வேறில்லை என்றே சொல்லலாம். அங்கே புதிய வீடுகள் பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். அவற்றைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் உட்புற ஜிப்சம் போர்டு.

தமிழ்நாட்டில் இந்தப் போர்டை அலுவலகத் தடுப்புகளிலும் ஃபால்ஸ் சீலிங்கிலும்தான் பார்க்கிறோம். அங்கே அதற்குக் கட்டமைப்பு வேலை எதுவும் கிடையாது. காற்றையும் நடுக்கத்தையும் கான்கிரீட் தூண்களும் செங்கல் சுவர்களும் பார்த்துக்கொள்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் ஜிப்சத்தாலேயே சுவர் எழுப்பிக் காட்டிய மாதிரிக் கட்டடம் ஒன்று உண்டு. அது வேறு சரக்கு. கண்ணாடி இழை கலந்த 124 மில்லிமீட்டர் தடிமனுள்ள உட்குழிவான பலகைகள் அவை. குழிவுகளில் கம்பியும் கான்கிரீட்டும் இட்டுப் பலம் சேர்க்கிறார்கள். இங்கே பேசப்படுவது அதுவல்ல. ஒரு கையால் உடைத்துவிடக்கூடிய, பத்து அல்லது பதின்மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ள, சாதாரணப் போர்டு.

ஒரு கையால் உடைவது எப்படி ஒரு வீட்டைத் தாங்கும்? உடைக்கும்போது போர்டை வளைக்கிறோம். சுவரில் அடித்த போர்டு வளைவதில்லை. கட்டைகள் பின்னாலிருந்து அதைத் தட்டையாகப் பிடித்துக்கொள்கின்றன. விசை தகட்டின் தளத்துக்குள்ளேயே ஓடுகிறது. நடுவில் நீரேறிய கால்சியம் சல்பேட், இரு முகங்களிலும் இறுக ஒட்டிய தடித்த காகிதம் என்ற அடுக்கு அந்தத் திசையில் எதிர்பாராத அளவு விறைப்பானது. சோதனைச் சாலையில் தள்ளிப் பார்க்கும்போது போர்டு நடுவில் கிழிவது அபூர்வம். முதலில் தோற்பவை ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரூக்கள்.

இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளுக்கெல்லாம் காரணம் புரிந்துவிடும். சட்டகம் சாயப் பார்க்கும்போது போர்டு சாயாமல் நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலான இழுபறி முழுவதும் ஓர ஸ்க்ரூக்களின் தலையில் விழுகிறது. உத்தேசமாக ஒரு கணக்குப் போடலாம். ஒரு மீட்டர் நீளச் சுவர் 3 கிலோநியூட்டன் பக்கவாட்டு விசையைத் தாங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அடித்த ஸ்க்ரூ ஒவ்வொன்றின் பங்கும் 0.45 கிலோநியூட்டன், அதாவது சுமார் 45 கிலோ எடைக்குச் சமம். சுண்ணக்கட்டி போன்ற பத்து மில்லிமீட்டர் பொருளைப் பக்கவாட்டில் நெருக்கி அந்த ஸ்க்ரூ இவ்வளவு விசையைக் கடத்த வேண்டும். ஜிப்சம் நசுங்கிப் பொடியாகிறது. அதன்பின் பிடித்து வைத்திருப்பது காகிதம் மட்டுமே. ஸ்க்ரூவை அழுத்தி அடித்துத் தலை காகிதத்தைக் கிழித்து உள்ளே போயிருந்தால் அந்த ஸ்க்ரூ கணக்கில் இருக்கும், சுவரில் இருக்காது. விளிம்புக்கு மிக அருகில் அடித்தாலும் இதே கதிதான், ஓரம் பிய்ந்துவிடும். அதனால்தான் விளிம்பிலிருந்து குறைந்தது 12 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அடிக்கச் சொல்கிறார்கள்.

ஓரத்தை விட்டால் அடுத்த கவலை மூலை. பக்கத்திலிருந்து தள்ளும்போது சுவர்த்துண்டு சாய்வதோடு கவிழவும் பார்க்கிறது. ஒரு முனை மேலெழும்புகிறது, மறு முனை அழுந்துகிறது. மேலே சொன்ன 3 கிலோநியூட்டன் கணக்கையே 2.4 மீட்டர் உயரச் சுவருக்குப் போட்டால் முனையில் எழும் இழுவிசை 7.2 கிலோநியூட்டன். சுவர்த்துண்டு இரண்டு மீட்டர் நீளமோ அரை மீட்டர் நீளமோ, இந்த எண் மாறுவதில்லை. குட்டைத் துண்டின் மேல் கூரைப் பாரம் குறைவாக உட்காருவதால் அதைக் கீழே பிடித்து வைக்கும் உதவி குறைவு என்பது கூடுதல் வில்லங்கம். ஆகவே அதிகத் திறன் எதிர்பார்க்கப்படும் துண்டுகளின் இரு முனைகளிலும் இரும்புப் பட்டையோ கோணத்தகடோ வைத்து, செங்குத்துக் கட்டையை அடித்தளத்தோடு போல்ட்டால் இழுத்துக் கட்டுகிறார்கள். போர்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அடிக்கட்டை தரையிலிருந்து எழும்பிவிட்டால் பயனில்லை.

அமெரிக்காவில் போர்டு பிரேசிங் ஆனது ஏறக்குறைய தற்செயல். 1894இல் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை பெற்ற பலகையின் வழிவந்த ஜிப்சம் போர்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வீட்டுப் பெருக்கத்தில் மரப்பட்டியலும் சுண்ணப்பூச்சுமாக இருந்த பழைய உட்சுவரை ஓரங்கட்டியது. ஈரப்பூச்சு காயக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆளும் குறைவு என்பதுதான் காரணம், பலம் அல்ல. ஆனால் வீடு முழுக்க அடித்த போர்டு சுவர்களை விறைப்பாக்கத்தான் செய்தது. பின்னாளில் விதிநூல்கள் அதை ஏற்றுக்கொண்டு வரம்பும் கட்டின. இன்றைய அமெரிக்கக் குடியிருப்பு விதிநூலில் அரை அங்குல ஜிப்சம் போர்டு அனுமதிக்கப்பட்ட பிரேசிங் முறைகளில் ஒன்று. ஓரத்திலும் நடுவிலும் ஏழு அங்குலத்துக்கு ஒரு ஆணி அல்லது ஸ்க்ரூ, மேல்கட்டையையும் அடிக்கட்டையையும் விடாமல், என்பது நிபந்தனை. சுவரின் இரு முகத்திலும் போர்டு இருந்தால் நீளம் முழுவதும் கணக்கில் சேரும். ஒரு முகத்தில் மட்டும் என்றால் பாதி.

அதே நூலில் இன்னொரு விதி, பலர் கவனிக்காமல் தாண்டிப்போவது. வெளிப்புறம் பிளைவுட் அடித்த சுவருக்கான காற்று அட்டவணை, உட்புறம் ஜிப்சம் போர்டு இருப்பதாக எடுத்துக்கொண்டே எழுதப்பட்டது. அந்தப் போர்டை ஒருவர் விட்டுவிட்டால் தேவையான பிரேசிங் நீளத்தை 1.4ஆல் பெருக்க வேண்டும். பிளைவுட்டை மட்டும் நம்பி நிற்பதாக வீட்டுக்காரர் நினைக்கும் சுவர்கூட ஜிப்சத்தின் தோளில் ஒரு கை போட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

நியூசிலாந்தில் கதை தற்செயல் அல்ல, திட்டம். மரச்சட்ட வீடுகளுக்கான அந்த நாட்டுத் தரநூல், என்.இசட்.எஸ். 3604, முதலில் வந்தது 1978இல். இப்போது வழக்கில் உள்ளது 2011 பதிப்பு. பொறியாளர் இல்லாமலே சாதாரண வீட்டை வடிவமைக்க உதவும் நூல் அது. பக்கவாட்டு விசையை அது ‘பிரேசிங் யூனிட்’ என்ற அளவில் எண்ணுகிறது. 20 யூனிட் ஒரு கிலோநியூட்டன். கிலோநியூட்டன் என்றால் தயங்கும் வரைவாளரும் தச்சரும் முழு எண்களைக் கூட்டிக் கழித்து வேலையை முடித்துவிடலாம். நல்ல யோசனை. காற்றுக்கு இத்தனை யூனிட் தேவை, நடுக்கத்துக்கு இத்தனை என்று அட்டவணையில் தனித்தனியாகப் பார்த்து, சுவர்த்துண்டுகள் தரும் யூனிட்டுகள் இரண்டையும் எட்டுகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள்.

இரண்டு தேவைகளும் ஒரே மாதிரி வளர்வதில்லை. காற்றின் விசை வீட்டின் முகப்பரப்பையும் அது நிற்கும் இடத்தையும் பொறுத்தது. மலைமுகட்டில் உள்ள வீட்டுக்கு அதிகம். நடுக்கத்தின் விசை வீட்டின் எடையைப் பொறுத்தது. தகரக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் ஓடு வேய்ந்தால் காற்றுக்கணக்கு பெரிதாக மாறாது, நடுக்கக்கணக்கு ஏறிவிடும். அதோடு, வீட்டின் எல்லா யூனிட்டுகளையும் ஒரே மூலையில் குவித்துவைத்துக் கூட்டுத்தொகை சரியென்று சொல்ல முடியாது. பிரேசிங் வரிசைகள் ஆறு மீட்டருக்கு மேல் விலகக்கூடாது. ஒவ்வொரு வரிசைக்கும் குறைந்தபட்சப் பங்கு உண்டு. இல்லாவிட்டால் வீடு பலமான பக்கத்தை அச்சாக வைத்துத் திருகிக்கொள்ளும். கடலைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடியாகக் கேட்கும் வீட்டுக்காரரும் வரைவாளரும் மோதிக்கொள்வது இந்த இடத்தில்தான். சுவரே மிச்சமில்லாத முகத்தில் போர்டு அடிக்க இடம் எங்கே?

ஒரு சுவர்த்துண்டுக்கு எத்தனை யூனிட் என்பதை முடிவுசெய்வது சோதனை. நியூசிலாந்துக் கட்டுமான ஆய்வுக் கழகம் 1979இல் வகுத்த பி21 என்ற முறை இன்றும், திருத்தங்களோடு, அடிப்படையாக இருக்கிறது. 2.4 மீட்டர் உயரச் சுவரை எழுப்பி, அதன் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியுமாக ஆட்டுகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அசைவின் அளவு கூடிக்கொண்டே போகும். ஒரு தள்ளில் எவ்வளவு தாங்கியது என்பது மட்டுமல்ல, திரும்பத் திரும்ப ஆட்டிய பிறகு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதும் மதிப்பெண்ணில் சேர்கிறது. ஜிப்சத்தின் உண்மை முகம் தெரிவது அந்த மிச்சத்தில்தான்.

சந்தையில் மிகப் பெரிய பங்கை வைத்திருக்கும் ‘ஜிப்’ பிராண்டு போர்டின் அமைப்புகளுக்குச் சிறு குறிப்பெயர்கள் உண்டு. ஜி.எஸ். என்றால் சாதாரணப் போர்டு, பி.எல். என்றால் பிரேஸ்லைன் எனப்படும் அடர்த்தி மிகுந்த போர்டு. கூடவே ஒன்று, இரண்டு என்ற எண் எத்தனை முகம் என்பதைச் சொல்லும். கடைசியில் எச் வந்தால் முனைகளைத் தரையோடு கட்டியிருக்க வேண்டும். சாதாரணப் போர்டு ஒரு முகத்தில் மட்டும் என்றால், போதிய நீளமுள்ள சுவரில் மீட்டருக்கு அறுபது, எழுபது யூனிட் கிடைக்கும். மேலே போட்ட 3 கிலோநியூட்டன் கணக்கு இதிலிருந்து வந்ததுதான். பிரேஸ்லைனும் முனைக்கட்டும் பின்முகத்தில் பிளைவுட்டும் சேர்ந்தால் இன்னும் பெரிய எண்கள் சாத்தியம். ஆனால் தரநூல் ஒரு கூரை போட்டிருக்கிறது: மரத்தளத்தின் மேல் மீட்டருக்கு 120 யூனிட், கான்கிரீட் தளத்தின் மேல் 150. சுவர் அதற்கு மேல் தாங்கினாலும் தளம் தாங்காது என்பதுதான் காரணம்.

இந்த எண்களுக்கெல்லாம் உயிர்நாடி ஸ்க்ரூ வரிசை. பிரேசிங் துண்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் 50, 100, 150, 225, 300 மில்லிமீட்டர் தூரங்களில் ஸ்க்ரூ. அதன்பின் சுற்றிலும் 150 மில்லிமீட்டருக்கு ஒன்று. மூலையில் நெருக்கம், போகப்போகத் தளர்வு. விசை மூலையில் குவிகிறது, அங்கேதான் முதல் ஸ்க்ரூ தோற்கும் என்பதைச் சோதனைகள் காட்டியதன் விளைவு இது. நடுக்கட்டைகளில் பசை போதும். சுற்றோரத்தில் பசையை ஸ்க்ரூவுக்கு மாற்றாக வைக்கக்கூடாது. போர்டுகள் சேரும் இடத்தில் காகித டேப் ஒட்டிப் பட்டி பார்ப்பதும் வெறும் அழகு வேலை அல்ல. சரியாக ஒட்டிய இணைப்பு இரண்டு போர்டுகளை ஒரே தகடாக்குகிறது. சாதாரணச் சுவரில் போர்டு அடிப்பவர் இவ்வளவு ஸ்க்ரூ போடமாட்டார். அடிக்கட்டைப் பக்கம் ஸ்கர்ட்டிங் வந்து மறைத்துவிடும் என்று பெரும்பாலும் தொடவே மாட்டார். பிரேசிங் துண்டுக்கு அந்தக் கீழோரமும் மற்ற மூன்று ஓரங்களைப் போலவே முக்கியம்.

பலவீனம் என்ன என்று பார்த்தால், எல்லாம் நடுக்கத்தில் வந்து முடிகிறது. காற்று பெரும்பாலும் ஒரே திசையில், விட்டுவிட்டு அழுத்தும். நடுக்கம் இரு திசையிலும் மாறிமாறி இழுக்கும். முதல் இழுப்பில் ஸ்க்ரூவைச் சுற்றிய ஜிப்சம் நசுங்கி ஒரு சிறு நீள்பள்ளம் உண்டாகிறது. அடுத்த இழுப்பில் ஸ்க்ரூ அந்தப் பள்ளத்துக்குள் எதிர்ப்பே இல்லாமல் ஓடிப்போய் மறுகோடியில் முட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பள்ளம் நீள்கிறது, சுவர் தொளதொளக்கிறது. பிளைவுட்டில் ஆணி வளைந்து வளைந்து ஆற்றலை விழுங்கும். ஜிப்சத்துக்கு அந்தப் பொறுமை இல்லை.

1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே நார்த்ரிட்ஜில் 6.7 அளவு நடுக்கம் வந்தபோது இந்த வேறுபாடு பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது. நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற மூன்று மாடிக் குடியிருப்பின் தரைத்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள். அங்கே தரைத்தளத்தில் வாகன நிறுத்தமும் மெல்லிய சுவர்களும் சேர்ந்திருந்தன. பழியை ஜிப்சத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. ஆனாலும் ஜிப்சமும் வெளிப்பூச்சும் தனியாக நின்று அடுக்குக் கட்டடத்தைத் தாங்கும் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. அனுமதிக்கப்பட்ட திறன்களை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் குறைத்தது. இன்றைய அமெரிக்க விதிகளில் பிளைவுட் வகைச் சுவருக்கு நடுக்க விசையை 6.5ஆல் வகுக்கலாம், ஜிப்சம் போன்ற பிற பொருள்களுக்கு வகுஎண் 2 மட்டுமே. அதாவது ஜிப்சத்தை மட்டும் நம்புபவர் மூன்று மடங்குக்கு மேல் விசைக்கு வடிவமைக்க வேண்டும். ஒரு முகம் பிளைவுட், மறுமுகம் ஜிப்சம் என்றால் காற்றுக்கு இரண்டின் திறனையும் கூட்டிக்கொள்ளலாம், நடுக்கத்துக்கு அப்படிக் கூட்ட முடியாது. விறைப்பான ஜிப்சம் முதலில் பாரத்தை வாங்கி, பிளைவுட் முழுப்பலத்துக்கு வருவதற்குள் நொறுங்கியிருக்கும்.

இதன் மறுபக்கமும் அதே நிகழ்வின் பின்விளைவாகவே தெரிந்தது. நார்த்ரிட்ஜுக்குப் பிறகு அரசு நிதியில் நடந்த மரச்சட்டக் கட்டட ஆய்வின்போது, சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரண்டு மாடி வீடு ஒன்றை ஆட்டுமேடையில் வைத்துக் குலுக்கினார்கள். உட்புற ஜிப்சமும் வெளிப்பூச்சும் சேர்ந்த பிறகு வீட்டின் அசைவு கணிசமாகக் குறைந்தது. கணக்கில் வராத போர்டும் உண்மையில் உழைக்கத்தான் செய்கிறது.

இந்த உழைப்பு, அந்தப் பலவீனம் இரண்டையும் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரம் ஒருசேரக் காட்டியது. 2010 செப்டம்பரில் 7.1 அளவிலும், 2011 பிப்ரவரி 22இல் நகருக்கு மிக அருகிலும் வந்த நடுக்கங்களில் இரண்டாவது 185 உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பெரும்பான்மையோர் இறந்தது இரண்டு கான்கிரீட் கட்டடங்களின் இடிபாட்டில். ஜிப்சம் பிரேசிங்கோடு நின்ற மரவீடுகள் உள்ளே இருந்தவர்களைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டன. ஆனால் கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து கோணல் விரிசல்கள் கிளம்பின. ஸ்க்ரூத் தலைகள் வண்ணத்தைப் பிளந்து எட்டிப் பார்த்தன. போர்டு இணைப்புகள் திறந்துகொண்டன. அடுத்து எழுந்தது காப்பீட்டுச் சண்டை. விரிசலைப் பட்டி போட்டு மறைத்து வண்ணம் அடித்தால் போதுமா, போர்டையே உரித்துப் புதிதாக அடிக்க வேண்டுமா? அறையின் பூச்சாகப் பார்த்தால் முதலாவது போதும். பிரேசிங்காகப் பார்த்தால், ஓர ஸ்க்ரூக்களைச் சுற்றிலும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதைக் காணாமல் எதுவும் சொல்ல முடியாது. வண்ணத்துக்குப் பின்னால் அது கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

பூச்சா, கட்டமைப்பா என்ற இந்த இரட்டை வேடம் ஆயுள் விதியிலும் வந்து நிற்கிறது. நியூசிலாந்துக் கட்டட விதிப்படி வீட்டின் நிலைப்புக்குப் பொறுப்பான உறுப்புகள் 50 ஆண்டு நீடிக்க வேண்டும்; சும்மா மறைப்பாக இருக்கும் பொருளுக்கு அவ்வளவு தேவையில்லை. ஜிப்சத்தின் பகை நீர். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வேதியியலாகக் கட்டுண்ட நீர்தான். தீயில் அது ஆவியாகிச் சுவரைக் காக்கிறது. வெளியிலிருந்து வரும் ஈரமோ காகிதத்தை ஊறவைத்து நடுப்பகுதியைக் குழைத்துவிடும். குளியலறைத் தண்ணீர் தெறிக்கும் சுவரில் சாதாரணப் போர்டைப் பிரேசிங்காக வைப்பதில்லை. கூரை ஒழுகி நனைந்து காய்ந்த போர்டு பார்வைக்குப் பழையபடி இருக்கலாம். ஓர ஸ்க்ரூக்களின் பிடி பழையபடி இருக்கும் என்று கொள்ள முடியாது.

போர்டு என்பது பொருள் அல்ல, ஓர் அமைப்பின் பகுதி என்பதை நாடே உணர்ந்தது 2022இல். கோவிட்டுக்குப் பிந்திய கட்டுமான வேகத்தில் நியூசிலாந்தில் ஜிப்சம் போர்டுக்குக் கடும் தட்டுப்பாடு. ‘ஜிப்’ போர்டைத் தயாரிக்கும், ஃபிளெட்சர் பில்டிங் குழுமத்தின் வின்ஸ்டன் வால்போர்ட்ஸ் நிறுவனம் சந்தையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வைத்திருந்தது. வெளிநாட்டுப் போர்டை இறக்கினால் ஆயிற்று என்று பொதுமக்களுக்குத் தோன்றியது. ஆனால் ஒப்புதல் பெற்ற வரைபடங்களில் எழுதியிருந்த யூனிட் எண்கள், ஒரு குறிப்பிட்ட போர்டை ஒரு குறிப்பிட்ட ஸ்க்ரூவால் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடித்துச் சோதித்துப் பெற்றவை. போர்டை மாற்றினால் எண்களும் மாறும். வரைபடத்தைத் திருத்த வேண்டும். அந்த ஜூன் மாதம் அரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது. மாற்றுப் போர்டுகளைப் பயன்படுத்துவது எப்படி என்று கட்டட அமைச்சகம் வழிகாட்டுதலும் வெளியிட்டது.

வீடு கட்டி முடிந்தபின் வரும் ஆபத்துகள் இன்னும் சாதாரணமானவை. எலக்ட்ரீஷியன் சுவிட்சுப் பெட்டிக்குத் துளை போடுகிறார். 90க்கு 90 மில்லிமீட்டருக்கு மிகாத துளை, துண்டின் ஓரத்திலிருந்து 90 மில்லிமீட்டராவது தள்ளி இருந்தால் பிரேசிங்குக்குக் கேடில்லை. குழாய்க்காரர் கட்டையை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டையை அறுத்து எடுத்தால் அந்த ஓரமே போயிற்று. சமையலறையையும் கூடத்தையும் சேர்த்துத் திறந்த அறையாக்க விரும்பும் வீட்டுக்காரர் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்து, மேலே பாரம் எதுவும் இல்லை, எடுத்துவிடலாம் என்று முடிவுகட்டுகிறார். பாரம் இல்லைதான், அந்த வரிசையின் பாதி யூனிட் அதில் இருக்கலாம். பிரேசிங் துண்டுகள் எவை என்பது சுவரைப் பார்த்துத் தெரியாது, நகராட்சியில் உள்ள அனுமதி வரைபடத்தில்தான் தெரியும். சுவரை எடுப்பதானால் அதே வரிசையிலோ அருகிலோ உள்ள வேறு துண்டுகளில் போர்டை உரித்து, பிரேஸ்லைன் அடித்து, முனைகளைத் தரையோடு கட்டி, இழந்த யூனிட்டுகளைக் காற்றுக்கும் நடுக்கத்துக்கும் தனித்தனியாக மறுபடி கூட்டிக் காட்ட வேண்டும்.